படையலில் ஒரு சுருட்டு

காவிரிக் கடைமடையில் முன்னோருக்குப் படைக்கும் நாளில், தலைவாழை இலையில் சோறும் குழம்பும் வடையும் பாயசமும் வந்த பிறகு, இறந்தவர் உயிரோடிருந்தபோது எதை விரும்பினாரோ அதையும் ஓரமாக வைப்பது பல குடும்பங்களின் வழக்கம். ஒருவருக்கு வெற்றிலை பாக்கு, ஒருவருக்கு ஒரு டம்ளர் காபி, இன்னொருவருக்கு ஒரு சுருட்டு அல்லது ஒரு கட்டு பீடி, பக்கத்தில் தீப்பெட்டி. முனீஸ்வரனுக்கும் மதுரைவீரனுக்கும் சுருட்டு படைக்கிற ஊரில் தாத்தாவுக்குப் படைப்பது வியப்பில்லை. ஆனால் அந்த மனிதர் இருமி இருமியே செத்துப்போயிருந்தாலும் சுருட்டு இலைக்கு வந்துவிடுகிறது. அதை எடுத்துவைப்பவள் பெரும்பாலும் வீட்டுப் பெண். என்ன ரகம், ஒரு நாளைக்கு எத்தனை, எந்த வயதில் இருமல் தொடங்கியது, எந்த மழைக்காலத்தில் படுத்தார் என்று முழுதாகத் தெரிந்தவளும் அவள்தான். புகையிலையின் முந்நூறு நானூறு வருட வரலாற்றில் அரசு கணக்கு எழுதியது, வியாபாரி எழுதினார், பிற்பாடு மருத்துவரும் எழுதினார். அவளிடம் மட்டும் வெகுகாலம் யாரும் கேட்கவில்லை. கேட்ட பிறகுதான் உண்மை முழுதாக வெளியே வந்தது என்பது என் வாதம்.

இதைக் காரைக்காலின் தலத்தெருவிலிருந்து யோசிப்பதற்குக் காரணம் இருக்கிறது. சிவலோகநாதர் கோயிலும் சுற்றிலும் நெல் வயல்களும் கொண்ட அந்தப் பகுதி புகையிலை விளையும் மண் அல்ல. இலை வெளியிலிருந்துதான் வரவேண்டும். தெற்கே வேதாரண்யத்தில் மெல்லும் புகையிலை விளைந்தது. மேற்கே திருச்சி உறையூரிலும் திண்டுக்கல்லிலும் சுருட்டு சுற்றினார்கள். கடலுக்கு அப்பால் யாழ்ப்பாணத்துப் புகையிலை திருவிதாங்கூர் வரைக்கும் போனது. திருச்சிச் சுருட்டின் பெயர், 1887-இல் வந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் கதையிலேயே, சாம்பலை வைத்துத் துப்புத் துலக்கும் இடத்தில் வருகிறது. ஆங்கிலேயர்கள் ‘சுருட்டு’ என்ற சொல்லையே எடுத்துக்கொண்டு ‘செரூட்’ ஆக்கினார்கள். ஆனால் காரைக்காலுக்கும் புகையிலைக்கும் இதைவிடப் பழைய, அதிகம் பேசப்படாத உறவு ஒன்று உண்டு. 1739-இல் தஞ்சை மராட்டிய அரசிடமிருந்து காரைக்காலைப் பெற்றது பிரெஞ்சுக் கும்பினி. அந்தக் கும்பினிக்கு பிரான்ஸ் நாட்டுப் புகையிலை விற்பனையின் ஏகபோக உரிமை 1723-இல் கிடைத்திருந்தது. 1730 முதல் அது அந்த உரிமையை வரிக் குத்தகைதாரர்களுக்கு விட்டு, வருடத்துக்கு முதலில் 75 லட்சம் லிவ்ர் நாணயம், பிறகு 80 லட்சம் என்று வாங்கிக்கொண்டிருந்தது. கப்பல் மூழ்கினாலும் சண்டை வந்தாலும் நிற்காத வருமானம் அது. காரைக்காலுக்குக் கொடுத்த பணம் நேராக அந்தப் பெட்டியிலிருந்துதான் வந்தது என்று சொல்ல வரவில்லை. பாரிஸில் மூக்குப்பொடி போட்டவர்களும் சுங்கான் பிடித்தவர்களும் கொடுத்த காசில் அந்தக் கும்பினி நிமிர்ந்து நின்றது என்று சொல்லலாம்.

இங்கேயும் கதை வேறல்ல. சென்னப்பட்டணத்திலும் புதுச்சேரியிலும் வெற்றிலை-புகையிலைக் குத்தகை கும்பினிகளின் முக்கியமான உள்ளூர் வருமானங்களில் ஒன்று. மலபாரிலும் கனராவிலும் ஆங்கிலக் கும்பினி புகையிலையை ஏகபோகமாகவே வைத்திருந்து 1853-இல்தான் விட்டது. விடுதலைக்குச் சற்று முன்பு, 1943-இல், போர்ச் செலவு நெருக்கியபோது பிரிட்டிஷ் இந்தியா புதிதாகக் கலால் வரி போட்ட பொருள்களிலும் புகையிலை இருந்தது. குத்தகை, ஏகபோகம், கலால் என்று பெயர் மாறினாலும் பேரேடு ஒன்றுதான்: எவ்வளவு இலை போனது, எவ்வளவு காசு வந்தது. அந்த இலை யார் வீட்டுக்குள் போய் என்ன செய்தது என்பதற்கு அதில் பத்தி கிடையாது.

தமிழ் இலக்கியமும் இந்த விருந்தாளியைச் சிரித்த முகத்தோடுதான் வரவேற்றது. சீனிச்சர்க்கரைப் புலவரின் ‘புகையிலை விடு தூது’ பழனி முருகனிடம் புகையிலையையே தூதாக அனுப்புகிறது. உ.வே.சாமிநாதையர் அதைத் தேடிப் பதிப்பித்தார். அதில் ஒரு கதை வருகிறது. மும்மூர்த்திகளிடமும் ஆளுக்கு ஓர் இலை கொடுத்துவைக்கிறார்கள். மறுநாள் கேட்டால் சிவனுடைய வில்வம் கங்கையோடு போயிற்று, திருமாலின் துளசி பாற்கடலோடு போயிற்று, பிரமனுடையது மட்டும் போகவில்லை. ‘போகயிலை’ என்பதால்தான் அதற்குப் புகையிலை என்று பெயர் என்பது சிலேடை. பிரமனுடையது ஏன் போகவில்லை? அவன் அதைத் தன் மனைவி கலைமகளிடம் கொடுத்துவைத்திருந்தான். புலவர் விளையாட்டாகச் சொன்னதுதான். ஆனாலும் கணவன்மார் தொலைத்த இடத்தில் சாட்சியைப் பத்திரமாக வைத்திருந்தவள் மனைவி என்பதை இன்றைக்குப் படிக்கும்போது கவனிக்காமல் இருக்க முடியவில்லை.

இருபதாம் நூற்றாண்டில் பீடியும் சிகரெட்டும் வந்து புகையை மலிவாக்கின. சுருட்டு ஆற அமர உட்கார்ந்து பிடிக்கிற பொருள். பீடி, நடவுக்கும் அறுப்புக்கும் இடையே வரப்பில் நின்று நாலு இழுப்பில் முடிகிறது. பெட்டிக்கடைக் கம்பத்தில் ஒரு தேங்காய்நார்க் கயிறு தொங்கும். அதன் நுனியில் கங்கு நாள் முழுக்க அணையாமல் கனன்றுகொண்டிருக்கும். தீப்பெட்டி வாங்கக் காசில்லாதவனும் குனிந்து பற்றவைத்துக்கொள்ளலாம். காசு இல்லாவிட்டால் கடன் நோட்டில் எழுதிக்கொள்வார்கள். கூலி வந்த அன்று அரிசிக்கு முன்னால் அடைபடுவது அந்த நோட்டு. வீட்டுக்கு வந்த நஷ்டத்தின் முதல் ஆவணம் அதுதான். ஆனால் அதுவும் கடைக்காரர் கையில் இருந்தது. பல்லாண்டு கழித்துப் பொருளியலாளர் ரிஜோ ஜான் தேசிய செலவினக் கணக்கெடுப்புகளை வைத்து இதையே எண்ணிக்காட்டினார். புகையிலைக்குச் செலவிடும் குடும்பங்கள் உணவுக்கும் படிப்புக்கும் ஒதுக்குவது குறைகிறது என்று 2008-இல் எழுதினார். புகையிலைக்கும் அதனால் வந்த வைத்தியத்துக்கும் போகும் பணத்தைக் கழித்துப் பார்த்தால் இந்தியாவில் இன்னும் 1.5 கோடிப் பேர் வறுமைக்கோட்டுக்குக் கீழே விழுவார்கள் என்று 2011-இல் அவரும் உடன் எழுதியவர்களும் காட்டினார்கள்.

மருத்துவர்கள் சும்மா இருந்தார்கள் என்று சொல்ல முடியாது. 1902-இலேயே சென்னைப் பொது மருத்துவமனையைச் சேர்ந்த நிப்லாக், தாம் பார்க்கும் வாய்ப் புற்றுகளுக்கும் வெற்றிலை மெல்லும் பழக்கத்துக்கும் தொடர்பு இருப்பதாக எழுதினார். 1933-இல் நெய்யூர் மிஷன் மருத்துவமனையின் மருத்துவர் ஓர் (Orr), திருவிதாங்கூர் நோயாளிகளை வைத்து இதையே விரித்து எழுதினார். எங்கள் பக்கம் மெல்லுவதுதான், புகைப்பது குறைவு என்று டெல்டாவில் சொல்லும் சமாதானத்துக்கு அப்போதே பதில் கிடைத்துவிட்டது. 1954 நவம்பர் 1-இல் காரைக்கால் பிரெஞ்சுக்காரர் கையிலிருந்து இந்தியாவிடம் வந்தது. அதே ஆண்டு ஜூனில் முத்துலட்சுமி ரெட்டியின் பல வருடப் போராட்டத்துக்குப் பிறகு அடையாறு புற்றுநோய் மருத்துவமனை திறந்தது. ஆனால் இந்த மருத்துவர்கள் எல்லோரும் தங்கள் வாசலுக்கு வந்தவரை மட்டும்தான் எண்ண முடிந்தது. வராமல் வீட்டிலேயே இருமிச் செத்தவர் கணக்கில் இல்லை. அவரோடு ஒரே கூரைக்குக் கீழே மூச்சு விட்டவர்களும் இல்லை.

இந்த இரண்டு குறையையும் இரண்டு ஆய்வுகள் நிரப்பின, இரண்டுமே வீட்டுக்குள் போனதால். முதலாவது ஜப்பானில். தகேஷி ஹிராயாமா, புகைபிடிக்காத 91,540 மனைவிமாரை 14 வருடம் பின்தொடர்ந்து 1981-இல் முடிவை வெளியிட்டார். கணவன் எவ்வளவுக்கு அதிகமாகப் புகைத்தானோ அவ்வளவுக்கு மனைவியின் நுரையீரல் புற்று அபாயம் கூடியிருந்தது. சிகரெட் நிறுவனங்கள் அவர்மேல் பாய்ந்தன. பின்னாளில் வெளிவந்த அவர்களுடைய கடிதங்களில் அவர்களின் ஆலோசகர்களே ஹிராயாமா சொன்னது சரி என்று ஒப்புக்கொண்டிருந்தது தெரிந்தது. இரண்டாவது நம் பக்கத்திலேயே நடந்தது. தொண்ணூறுகளில் மருத்துவர் வேந்தன் கஜலட்சுமியும் ஆக்ஸ்ஃபோர்டின் ரிச்சர்ட் பீட்டோவும் அவர்கள் குழுவினரும் சென்னையிலும், புதுச்சேரியை ஒட்டிய விழுப்புரத்திலும் இறந்துபோன 43,000 ஆண்களைப் பற்றி விசாரித்தார்கள். இறந்தவரிடம் கேட்க முடியாது. இறப்புச் சான்றிதழில் பாதி நேரம் ‘மாரடைப்பு’, ‘முதுமை’ என்று எழுதி முடித்திருப்பார்கள். ஆகவே களப்பணியாளர்கள் வீடு வீடாகப் போய் மனைவியிடமும் கூடப்பிறந்தவர்களிடமும் கேட்டார்கள்: என்ன புகைத்தார், எப்படி நோய் கண்டது, கடைசி நாட்களில் என்ன செய்தது? படையலில் சுருட்டு எடுத்துவைப்பவளிடம் ஒருவர் நோட்டும் கையுமாக வந்து உட்கார்ந்தார். 2003-இல் ‘லான்செட்’ இதழில் வந்த விடை மருத்துவர்களையே திடுக்கிட வைத்தது. புகைத்தவர்கள் காசநோயால் சாவது புகைக்காதவர்களைப்போல் நான்கு மடங்குக்கும் மேல். இந்தியாவில் ஆண்களின் காசநோய்ச் சாவுகளில் ஏறக்குறைய பாதிக்குப் புகை காரணம்.

ஏன் காசம்? மேலை நாடுகளில் புகையைப் பற்றிப் பேசினாலே புற்றும் மாரடைப்பும்தான். இங்கே பலர் உடலில் காசக் கிருமி அடங்கிக் கிடக்கிறது. புகை நுரையீரலின் காவலைத் தளர்த்தி அதை எழுப்பிவிடுகிறது. இந்த இடத்தில்தான் குடும்பம் முழுவதும் கதைக்குள் வந்துவிடுகிறது. புற்று ஒருவரிலிருந்து இன்னொருவருக்குத் தாவாது. காசம் தாவும். ஒரே அறை, ஒரே பாய் வரிசை, மழைக்காலத்தில் சாத்திய கதவு என்று இருக்கும் வீட்டில் அப்பாவின் இருமல் அவரோடு நிற்பதில்லை. கைக்குழந்தைக்கு நிமோனியாவும் வளரும் பிள்ளைக்கு ஆஸ்துமாவும் வரும் அபாயத்தை வெறும் புகையே கூட்டுகிறது. அதற்குமேல் கிருமியும் சேர்கிறது.

எங்கள் தாத்தா தொண்ணூறு வயது வரைக்கும் சுருட்டு பிடித்தார், ஒன்றும் ஆகவில்லை என்பது எல்லாத் தெருவிலும் கேட்கிற மறுப்பு. பொய் இல்லை, அப்படிப்பட்ட தாத்தாக்கள் உண்டு. ஆனால் ஐம்பத்தைந்தில் போனவருக்கு அந்தக் கதையைச் சொல்லப் பேரன் பிறந்தே இருக்கமாட்டான். பிழைத்தவரைத்தான் நாம் நினைவில் வைக்கிறோம், ஏனென்றால் அவர்தான் நம் நினைவு தொடங்கும்போது திண்ணையில் இருந்தார். நினைவின் இந்த ஓட்டையைச் சரிசெய்ய ஒரே வழி எல்லா வீட்டையும் எண்ணுவது. 11 லட்சம் வீடுகளைத் தொட்டு நடந்த இந்திய ஆய்வு ஒன்று 2008-இல் வெளிவந்தது. பீடி பிடிக்கும் ஆணின் ஆயுள் சராசரியாக 6 வருடமும் சிகரெட் பிடிப்பவரின் ஆயுள் 10 வருடமும் குறைகிறது என்று அது சொன்னது. சராசரி என்றால் தொண்ணூறு வயதுத் தாத்தாவும் அதற்குள்தான் இருக்கிறார்.

இன்னொரு மறுப்பை இவ்வளவு லேசாகத் தள்ள முடியாது. புகையிலையால் பிழைக்கும் குடும்பங்கள் என்ன செய்யும்? திருநெல்வேலி, தென்காசி, வேலூர் பக்கம் பல லட்சம் பெண்கள் மடியில் முறத்தை வைத்து, இலையை அளவுக்கு வெட்டி, தூளை வைத்து, சுருட்டி, நூல் கட்டி, ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி வாங்கிப் பிள்ளைகளைப் படிக்கவைத்திருக்கிறார்கள். வெளியே போக அனுமதிக்காத வீட்டில் அது ஒன்றுதான் அவள் கைக்காசு. 1966-இன் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டமும் 1976-இன் நலநிதியும் அவர்கள் போராடிப் பெற்றவை. அவர்களை வில்லனாக்கிப் பேசுவது அநியாயம். ஆனால் அந்தத் தூள் அவர்கள் நெஞ்சிலும்தான் இறங்குகிறது, முறத்தின் பக்கத்தில் தவழும் குழந்தையின் நெஞ்சிலும். சுருட்டுகிற வீடும் புகைக்கிற வீடும் ஒரே வகைக் கூலிக்காரர் வீடுகள். நடுவில் லாபம் எடுப்பவர் வேறு. மாற்றுத் தொழில் கொடுக்காமல் கடையை மூடு என்பது தவறு என்று ஒப்புக்கொள்கிறேன். அதற்காகக் கணக்கை எழுதாமல் விட முடியாது. வரி வருமானம் என்ற வாதமும் அப்படித்தான். 2011-இல் 35 முதல் 69 வயது வரை உள்ளவர்களுக்குப் புகையிலையால் வந்த நோயும் சாவும் நாட்டுக்கு வைத்த செலவு 1,04,500 கோடி ரூபாய் என்று மத்திய சுகாதார அமைச்சகத்துக்காக நடந்த ஆய்வு சொன்னது. புகையிலையிலிருந்து அந்த வருடம் வந்த கலால் வரி இதில் ஆறில் ஒரு பங்கு அளவுதான்.

அவரவர் விருப்பம், அரசு ஏன் தலையிடுகிறது என்பவர்களுக்குச் சட்டம் பாதி வழி விட்டுக்கொடுத்துத்தான் இருக்கிறது. 2003-இன் புகையிலைச் சட்டமும் 2008 அக்டோபர் 2-இல் நடைமுறைக்கு வந்த விதிகளும் பேருந்து நிலையத்தில், ஆஸ்பத்திரியில், அலுவலகத்தில் புகைக்காதே என்கின்றன. வீட்டு வாசற்படியோடு நின்றுவிடுகின்றன. பிரெஞ்சுக் குடியுரிமையை விடாத குடும்பங்கள் காரைக்காலில் இன்னும் இருக்கின்றன. அவர்களுடைய இன்னொரு நாடு 1976-இலும் 1991-இலும் கடுமையான புகைச் சட்டங்கள் போட்டது, அவையும் படியைத் தாண்டவில்லை. தாண்டவேண்டும் என்றும் நான் சொல்லமாட்டேன். வீட்டுக்குள் போலீஸ் வருவதை யாரும் விரும்பமாட்டார்கள். ஆனால் 2016-17 கணக்கெடுப்பில் நாட்டில் வயதுவந்தோரில் நூற்றுக்கு 38.7 பேர் வீட்டுக்குள் அடுத்தவர் புகையைச் சுவாசிப்பதாகச் சொன்னார்கள். பெட்டியின் மேல் 85 சதவீத இடத்தில் படத்தோடு எச்சரிக்கை அச்சாகிறது. பெட்டிக்கடையில் ஒற்றை சிகரெட்டாக வாங்குகிறவர் கண்ணில் அது படுவதே இல்லை, பெட்டி கடைக்காரரின் பலகையிலேயே தங்கிவிடுகிறது. அவர் வீட்டுக்குக் கொண்டுபோவது சட்டையில் ஒட்டிய வாசனையையும் மிச்சமிருக்கும் அரைத் துண்டையும். மறுநாள் காலை திண்ணையைக் கூட்டும்போது அந்தத் துண்டுகள் எத்தனை என்று அவளுக்குத் தெரியும்.