ஆகாயத்துக்கு ஏறிய கோழிக்கால்

மாரியட் என்றால் இன்று நட்சத்திர ஓட்டல்தான் நினைவுக்கு வரும். ஜே. வில்லார்ட் மாரியட் 1927இல் வாஷிங்டனில் தொழிலைத் தொடங்கியதோ, ரூட் பியர் என்ற குளிர்பானம் விற்ற ஒன்பது இருக்கைக் கடையில். குளிர்காலத்தில் அந்தச் சரக்கு போணியாகாது என்பதால் சூடான, காரசாரமான பண்டங்களையும் சேர்த்து, கடைக்கு 'ஹாட் ஷாப்' என்று பெயர் வைத்தார். கடைகள் பெருகின. அவற்றில் ஒன்று ஹூவர் விமானத் தளத்தை ஒட்டி இருந்தது. பிற்பாடு பென்டகன் எழும்பிய இடம் அது. விமானம் ஏற வந்தவர்கள் இந்தக் கடையில் நுழைந்து, தின்பதற்கு ஏதாவது வாங்கிக் கையோடு எடுத்துக்கொண்டு போனார்கள்.

மாரியட்டுக்கு வியாபாரக் கண். அவர்கள் வந்து வாங்குவானேன், நாமே பெட்டியில் கட்டி விமானத்துக்கு அனுப்பிவிடலாமே என்று யோசித்தார். 1937இல் ஈஸ்டர்ன், அமெரிக்கன் உள்ளிட்ட விமான நிறுவனங்களுக்கு அவருடைய உணவுப் பெட்டிகள் போகத் தொடங்கின. உலகின் பெரிய விமான உணவுத் தொழில்களில் ஒன்று இப்படித்தான், சாலையோரக் கடையின் அடுப்பங்கரையில் பிறந்தது. இதே நிறுவனம் 1968இல் ராய் ராஜர்ஸ் என்ற துரித உணவுக் கடைத் தொடரையும் தொடங்கியது. ஆகவே விமானத்தில் பர்கர் கொடுப்பதைப் பார்த்து, காலம் கெட்டுவிட்டது என்று யாரும் அலுத்துக்கொள்ள வேண்டியதில்லை. இரண்டும் பழைய உறவுக்காரர்கள்.

விமானத்தில் சாப்பாடு என்பது அதற்கும் முந்திய வழக்கம். 1919 அக்டோபரில் லண்டன்–பாரிஸ் வழியில் ஹேண்ட்லி பேஜ் நிறுவனம் 3 ஷில்லிங்குக்கு ஒரு பெட்டி கொடுத்தது, கட்டுச்சோறு மாதிரிதான். 1936இல் யுனைடெட் நிறுவனம் ஓக்லண்டில் தனக்கென்று சமையற்கூடமே கட்டிக்கொண்டது.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு தோரணை கூடியது. பீங்கான் தட்டு, வெள்ளை விரிப்பு, மது என்று ஆகாயத்தில் பந்தி விரித்தார்கள். இதெல்லாம் பயணி மேல் வந்த பாசமில்லை. சர்வதேச வழித்தடங்களின் கட்டணத்தை விமான நிறுவனங்களின் சங்கமான ஐயாட்டா நிர்ணயித்தது. டிக்கெட் விலையில் போட்டி போட வழியில்லாததால் தட்டில் போட்டி போட்டார்கள்.

அந்தப் போட்டி 1958இல் ஒரு வேடிக்கையில் போய் முடிந்தது. அட்லாண்டிக்கைக் கடக்கும் மலிவுக் கட்டண வகுப்பு புதிதாக வந்தது; அதில் சாண்ட்விச் மட்டும்தான் தரலாம் என்பது விதி. ஸ்காண்டிநேவிய நிறுவனமான எஸ்.ஏ.எஸ்., தங்கள் ஊரில் சாண்ட்விச் என்றால் இதுதான் என்று சொல்லி, ஒற்றை ரொட்டித் துண்டின் மேல் மீனும் இறைச்சியும் குவித்துக் கொடுத்தது. போட்டி நிறுவனமான பான் ஆம் புகார் செய்தது. சங்கம் கூடிச் சாண்ட்விச்சுக்கு இலக்கணம் வகுத்தது: எளிமையாக இருக்க வேண்டும், ஆறியிருக்க வேண்டும், ரொட்டி கணிசமாக இருக்க வேண்டும், விலையுயர்ந்த பண்டங்கள் கூடாது. எஸ்.ஏ.எஸ். 20,000 டாலர் அபராதம் கட்டியது. ஒரு ரொட்டித் துண்டுக்காகப் பெரிய மனிதர்கள் கூடி வழக்காடிய அந்தச் செய்தியைவிட நல்ல விளம்பரத்தை அந்த நிறுவனம் காசு கொடுத்தும் வாங்கியிருக்க முடியாது.

1978இல் அமெரிக்கா உள்நாட்டு விமானக் கட்டணக் கட்டுப்பாட்டை விலக்கியது. போட்டி டிக்கெட்டுக்கு மாறியது, தட்டு சுருங்கியது. அமெரிக்கன் நிறுவனத் தலைவர் ராபர்ட் கிராண்டல் ஒவ்வொரு சாலட்டிலிருந்தும் ஓர் ஆலிவ் காயை எடுத்துவிட்டு ஆண்டுக்கு 40,000 டாலர் மிச்சம் பிடித்த கதையை இத்துறையில் இன்றும் அலுக்காமல் சொல்கிறார்கள்.

தட்டில் மதிப்புக் குறைந்தபோது, தெரிந்த கடையின் பெயர் கைகொடுத்தது. 1990களில் யுனைடெட் விமானங்களில் குழந்தைகளுக்கு மெக்டொனால்ட்ஸ் பெட்டி கிடைத்தது. 1996இல் சுவிட்சர்லாந்தின் கிராஸ்ஏர் ஒரு படி மேலே போய், எம்.டி.83 விமானம் ஒன்றையே மெக்டொனால்ட்ஸ் நிறத்தில் சிவப்படித்தது. ஓட்டல்பிளான் சுற்றுலா நிறுவனத்தின் விடுமுறைப் பயணிகளை ஏற்றிச் சென்ற அந்த 'மெக்பிளேன்' விமானத்தில் பர்கரும் உண்டு.

ஆனால் ஜப்பான் ஏர்லைன்ஸ் செய்ததுதான் முழு மனதோடு செய்த முயற்சி. 2010 ஜனவரியில் திவாலான நிறுவனம் அது. மீண்டெழுந்து 2012 செப்டம்பரில் மறுபடி பங்குச் சந்தைக்கு வந்தது. இடையில், 2011இல், மாஸ் பர்கர் என்ற உள்ளூர்க் கடையின் பர்கரை விமானத்தில் ஏற்றியது. ரொட்டி நமுத்துப் போகக் கூடாதே என்று எல்லாவற்றையும் தனித்தனியாகக் கொடுத்து, பயணியே அடுக்கித் தின்னட்டும் என்று விட்டுவிட்டார்கள். அடுத்து 2012 டிசம்பர் 1 முதல் மூன்று மாதங்களுக்கு, டோக்கியோவின் நரிட்டா விமான நிலையத்திலிருந்து அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் போன விமானங்களில் கே.எஃப்.சி. கடையின் 'ஏர் கென்டக்கி' வந்தது: எலும்போடு ஒரு கோழித் துண்டு, எலும்பில்லாத ஒரு துண்டு, முட்டைக்கோஸ் சாலட், தட்டை ரொட்டி. அந்த மாதத்தைத் தேர்ந்தெடுத்ததில் காரணம் இருக்கிறது. 1974இல் கே.எஃப்.சி. செய்த விளம்பரத்துக்குப் பிறகு, ஜப்பானில் கிறிஸ்துமஸ் என்றாலே வறுத்த கோழி என்று ஆகிவிட்டிருந்தது.

கடையில் கிடைக்கும் மொறுமொறுப்பை மேலே எதிர்பார்க்க முடியாது. விமானத்தில் எண்ணெய்ச் சட்டி வைக்க வழியில்லை. தரையில் சமைத்து, குளிரவைத்து, பல மணி நேரம் கழித்துச் சூடுபடுத்துகிறார்கள். வறுவலின் மேல்தோல் அதற்குள் இளகிவிடும். நாக்கும் ஒத்துழைக்காது. ஜெர்மனியின் ஹோல்ஸ்கிர்ஷனில் உள்ள பிரான்ஹோஃபர் ஆய்வு நிலையம் லுஃப்தான்சாவுக்காக 2010இல் செய்த சோதனையில், பறக்கும் விமானத்தின் குறைந்த காற்றழுத்தத்திலும் வறண்ட காற்றிலும் உப்புச் சுவை 20 முதல் 30 விழுக்காடு வரையும் இனிப்பு 15 முதல் 20 விழுக்காடு வரையும் மங்குவது தெரிந்தது. உப்பும் காரமும் தூக்கலான துரித உணவு இங்கே ஓரளவு தாக்குப்பிடிக்கும். மெல்லிய சுவைகொண்ட உயர்தர உணவுதான் உப்புச்சப்பில்லாமல் போகும்.

இந்தப் பாடம் அமெரிக்காவின் டெல்டா விமான நிறுவனத்துக்குத் தெரிந்திருக்கிறது. 2024 டிசம்பர் 1 முதல் பாஸ்டனிலிருந்து 900 மைலுக்கு மேல் போகும் விமானங்களில் ஷேக் ஷாக் கடையின் சீஸ் பர்கர் தரத் தொடங்கினார்கள். தக்காளி, கீரை எல்லாம் தனியே வருகின்றன. உருளைக்கிழங்கு வறுவலைத் தொடவே இல்லை, சிப்ஸ்தான். நியூயார்க் பூங்கா ஒன்றில் தள்ளுவண்டியாக 2001இல் தொடங்கிய கடையின் பர்கர், முன்கூட்டிச் சொல்லிவைத்தால் முதல் வகுப்புப் பயணிக்குக் கிடைக்கிறது. மலிவு வகுப்புக்குச் சாண்ட்விச் போதும் என்று சண்டை போட்ட தொழிலில் இது நல்ல தமாஷ்.

மலேசியாவின் ஏர்ஏசியா எதிர்த்திசையில் போயிற்று. விமானத்தில் சாந்தான் என்ற பெயரில் விற்றுவந்த உணவுகளுக்காக 2019 டிசம்பரில் கோலாலம்பூர் மிட்வேலி மெகாமாலில் தரையிலேயே ஒரு துரித உணவுக் கடை திறந்தது. ஆகாயத்தில் பேர் வாங்கிய பாக் நாசர் நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோற்றை அங்கே டிக்கெட் இல்லாமலே வாங்கிச் சாப்பிட முடிந்தது.