கடனால் கைமாறிய கோட்டை

வீடு வாங்குமுன் நாம் எல்லோரும் வில்லங்கச் சான்றிதழ் பார்ப்போம். பிரான்சில் ஷேர் ஆற்றின் மேல் நிற்கும் ஷெனோன்சோ கோட்டைக்கு அப்படி ஒன்று எடுத்தால், பக்கத்துக்குப் பக்கம் கடன்தான் இருக்கும்.

இதைக் கட்டியவர் அரசரின் நிதி அதிகாரி தோமா போயியே. 1513-ல் இடத்தை வாங்கினார். அவர் போர், அலுவல் என்று வெளியூரில் இருக்க, கட்டட வேலையை மேற்பார்த்தவர் மனைவி கத்ரீன். இருவரும் இறந்தபின், தோமா அரசுக்கு வைத்திருந்த பாக்கி மகன் தலையில் விழுந்தது. 1535-ல் கோட்டையை அரசர் முதலாம் பிரான்சுவா எடுத்துக்கொண்டார்.

1547-ல் இரண்டாம் ஹென்றி மன்னர் இதைத் தன் காதலி டயானுக்குக் கொடுத்தார். விவரமானவர் டயான். அரச சொத்தைத் தானமாகப் பெற்றால் பின்னால் சிக்கல் வரும் என்று, பல வருடம் வழக்காடி 1555-ல் உரிமையை உறுதி செய்துகொண்டார். ஆற்றின் குறுக்கே பாலமும் கட்டினார். ஆனால் 1559-ல் மன்னர் இறந்ததும், பட்டத்து ராணி கத்தரீன் டி மெடிசி கோட்டையைக் கேட்டார். பத்திரம் பக்காவாக இருந்தும் பயனில்லை. வேறொரு கோட்டையைப் பெற்றுக்கொண்டு டயான் வெளியேறினார்.

கத்தரீன் அந்தப் பாலத்தின் மேல் நீண்ட மண்டபம் எழுப்பினார். 1589-ல் அவர் இறந்தபோது கோட்டை மருமகள் லூயிஸுக்கு வந்தது. கூடவே மாமியாரின் கடனும் வந்தது. அதே ஆண்டு கணவர் மூன்றாம் ஹென்றியும் கொலையுண்டார். வெள்ளை உடுத்தி துக்கம் காத்த அந்த விதவையைக் கடன்காரர்கள் விடவில்லை.

1733-ல் குளோட் டுப்பான் என்ற செல்வந்தர் வாங்கினார். பிரெஞ்சுப் புரட்சியில் எத்தனையோ மாளிகைகள் சூறையாடப்பட்டன, இது தப்பியது. திருமதி டுப்பானுக்கு ஊரில் இருந்த நல்ல பெயரும், ஆற்றைக் கடக்க ஜனங்களுக்கு அந்தப் பாலம் வேண்டியிருந்ததுமே காரணம் என்பார்கள்.

1864-ல் வாங்கிய மார்கரீத் பெலூஸ், புதுப்பிக்கும் வேலையில் சொத்தைக் கரைத்தார். 1888-ல் அடமான வங்கி ஜப்தி செய்தது. வங்கியில் வேலை பார்த்த எனக்கு இந்த வரியைப் படிக்கும்போது மனம் கனத்தது. தகுதிக்கு மீறிச் செலவழித்தார் என்பது உண்மைதான். ஆனால் செலவழித்தது கோட்டைக்காக.

1913-ல் சாக்லேட் உற்பத்தியாளர் மெனியே குடும்பம் வாங்கியது. முதல் உலகப் போரில் கத்தரீனின் மண்டபத்தை மருத்துவமனையாக்கி, காயம்பட்ட 2,000-க்கும் மேற்பட்ட வீரர்களுக்குச் சிகிச்சை அளித்தார்கள். இரண்டாம் உலகப் போரில் அந்த ஆறே எல்லைக்கோடானது. வடகரை ஜெர்மானியர் பிடியில். மண்டபத்தின் தெற்குக் கதவைத் தாண்டினால் விடுதலை. பலர் அவ்வழியே தப்பினார்கள்.

கவனித்தீர்களா? டயான் பாலம் கட்டினார். அதன்மேல் கத்தரீன் மண்டபம் கட்டினார். இருவருக்கும் ஆகாது. ஆனால் இருவர் கட்டியதும் சேர்ந்துதான் பிற்காலத்தில் உயிர்களைக் காத்தது. மெனியே குடும்பம் இன்றும் கோட்டையை வைத்திருக்கிறது. கட்டணம் செலுத்தினால் யாரும் அந்த மண்டபத்தில் நடந்து அக்கரைக் கதவு வரை போகலாம்.