கையெழுத்து இல்லாத போஸ்டர்கள்

சுவரில் ஒரு போஸ்டரைப் பார்த்தால் இதை யார் செய்தது என்று மூலையில் தேடுவது என் பழக்கம். அச்சகத்தின் பெயரோ போன் நம்பரோ ஏதாவது ஒன்று இருக்கும். நான் படிப்பது காமர்ஸ். பிராண்ட் என்ற சொல் காதில் விழாத வாரமே கிடையாது. அதனாலோ என்னவோ, 1968-ல் பாரிஸ் மாணவர்கள் செய்த போஸ்டர்களைப் பற்றிப் படித்தபோது ஆச்சரியமாக இருந்தது. நூற்றுக்கணக்கான டிசைன்கள் செய்திருக்கிறார்கள். வரைந்தவர் பெயரை மட்டும் போடவில்லை.

அந்த மே மாதக் கதையைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். மே 3 அன்று சோர்போன் பல்கலைக்கழகத்துக்குள் போலீஸ் நுழைந்தது. மே 10 இரவு மாணவர்கள் தெருவில் தடுப்புகள் கட்டிப் போலீசோடு மோதினார்கள். மே 13 அன்று தொழிற்சங்கங்கள் பொது வேலைநிறுத்தம் அறிவித்தன. அடுத்த சில நாட்களில் ஆலைகள் ஒவ்வொன்றாகத் தொழிலாளர் கைக்குப் போயின. வேலைநிறுத்தத்தில் இறங்கியவர்கள் 70 லட்சத்திலிருந்து ஒரு கோடி வரை இருக்கும் என்கிறார்கள்.

மே 14 அன்று பாரிஸின் புகழ்பெற்ற ஓவியக் கல்லூரியான போஸாரில் மாணவர்கள் சிலர் லித்தோ அச்சுக்கூடத்துக்குள் புகுந்து ஒரு போஸ்டர் அடித்தார்கள். ஆலை, பல்கலைக்கழகம், ஒற்றுமை ஆகிய மூன்று சொற்களும் பிரெஞ்சில் 'யு' எழுத்தில்தான் தொடங்கும். அந்த எழுத்தை வைத்து அமைத்த போஸ்டர் அது. அடித்தது 30 பிரதிதான். அதை ஓர் ஓவியக் கூடத்தில் விற்று, வரும் பணத்தை வேலைநிறுத்தக்காரர்களுக்குக் கொடுப்பதாகத் திட்டம். கூடம் போய்ச் சேருமுன்பே தெருவில் இருந்தவர்கள் பறித்துச் சுவரில் ஒட்டிவிட்டார்கள் என்று, உடன் இருந்த ஓவியர் ஜெரார் ஃப்ரோமாஞ்ஜே பின்னாளில் சொன்னார். விற்பனைக்கு என்று செய்த பொருள் வாசலைத் தாண்டியதும் பொதுச்சொத்தாகிவிட்டது!

இரண்டு நாளில் அந்த இடத்துக்கு 'மக்கள் பட்டறை' என்று பெயர் வைத்துவிட்டார்கள். லித்தோவில் அடிக்க நேரம் பிடித்தது. கி த ருஜ்மோன் என்ற ஓவியருக்கு ஸ்கிரீன் பிரிண்டிங் தெரியும். அவர் வழிகாட்ட, பட்டறை அதற்கு மாறியது. நம்மூரில் கல்யாண மஞ்சள்பையில் பெயர் அடிக்கிறார்களே, அதே முறைதான். மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணி, மை, மையைத் தள்ள ஒரு ரப்பர் பட்டை. பெரிய மெஷின் எதுவும் வேண்டாம். பெரும்பாலும் ஒரே நிறம், தடித்த எழுத்து, ஒரு படம். செலவும் குறைவு, வேகமும் அதிகம். தூரத்திலிருந்தும் படிக்கலாம்.

ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது மையோ துணியோ அல்ல, அவர்கள் வேலை செய்த விதம்தான். போஸ்டர் வேண்டும் என்று ஆலைகளின் வேலைநிறுத்தக் குழுக்களிலிருந்து ஆட்கள் பட்டறைக்கு வந்தார்கள். வரைந்து வைத்ததை எல்லாம் பொதுக்கூட்டத்தில் எல்லோர் முன்னும் காட்ட வேண்டும். கூட்டத்தில் கேட்ட கேள்விகள் இரண்டுதான். சொல்லும் கருத்து சரியா? படம் அதைச் சரியாகச் சொல்கிறதா? ஓட்டு விழுந்தால்தான் அச்சுக்குப் போகும். மாணவர் தலைவர் கோன்-பெண்டிட் பிரான்சுக்குள் திரும்பி வர அரசு தடை போட்டபோது, 'நாம் எல்லோரும் யூதர்கள், ஜெர்மானியர்கள்' என்ற வாசகத்தோடு ஒரு போஸ்டர் வந்தது. கூட்டம் பேசி அதை 'நாம் எல்லோரும் வேண்டாதவர்கள்' என்று மாற்றியது. வரைந்தவருக்கு மனவருத்தம் இருந்திருக்கலாம். ஆனால் புது வாசகத்துக்குள் இன்னும் பல பேருக்கு இடம் கிடைத்தது.

இதற்கு ஒரு பின்னணியும் உண்டு. அதே நாட்களில் மாணவர்கள் பியாங்கூரில் இருந்த ரெனோ கார் ஆலைக்கு ஊர்வலமாகப் போனார்கள். கதவு திறக்கவில்லை. வெளியாட்கள் உள்ளே வருவதைச் சிஜிடி தொழிற்சங்கம் விரும்பவில்லை. "உங்களுக்கு வழிகாட்ட வந்திருக்கிறோம்" என்று போனால் யார்தான் கதவைத் திறப்பார்கள்? பட்டறையில் நடந்தது நேர் எதிர். அங்கே தொழிலாளி தேடி வந்தார், தன் தேவையைச் சொன்னார், மாணவன் கேட்டுக்கொண்டான். எனக்குத் தெரிந்து அந்த மே மாதத்தில் மாணவர்கள் செய்த உருப்படியான உதவி இதுதான்.

போஸ்டர்கள் ஜெயித்தனவா? நேர்மையாகச் சொன்னால், இல்லை. மே 27 பேச்சுவார்த்தையில் குறைந்தபட்சக் கூலி 35 சதவீதம் உயர்ந்தது. அது வேலைநிறுத்தத்தின் பலம். ஜூன் மாதம் நடந்த தேர்தலில் தெ கோல் கட்சி பெரிய வெற்றி பெற்றது. ஜூன் 27 அன்று போலீஸ் கல்லூரிக்குள் வந்து பட்டறையைக் காலி செய்தது. அதற்கும் ஒரு போஸ்டர் வந்தது! போலீஸ் கல்லூரிக்குள் வந்தால் கல்லூரி தெருவில் போஸ்டராக ஒட்டப்படும் என்பது அதன் கருத்து.

ஆனால் அந்தப் பழக்கம் அதோடு செத்துவிடவில்லை. அந்த மே மாதத்துப் போஸ்டர் வேலையில் சந்தித்துக்கொண்ட பியர் பெர்னார், ஜெரார் பாரி-கிளாவேல், பிரான்சுவா மியே மூவரும் 1970-ல் 'கிராப்பஸ்' என்ற குழுவைத் தொடங்கினார்கள். தொழிற்சங்கம், நகராட்சி, நாடகக் குழு என்று இப்படிப்பட்டவர்களுக்காக 1991 வரை அந்தக் குழு வேலை செய்தது. அங்கேயும் யார் வரைந்தாலும் போஸ்டரில் குழுவின் பெயர்தான்.

இன்று அந்த 1968 போஸ்டர்கள் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஏலத்திலும் விற்கிறார்கள். செய்தவர்களோ, இவை போராட்டம் நடக்கும் இடத்தில் இருக்க வேண்டியவை, அலங்காரத்துக்கு வைப்பது துரோகம் என்று அப்போதே எழுதிவைத்தார்கள். சந்தை அதைக் கேட்கவில்லை. காமர்ஸ் மாணவனான எனக்கு இதில் ஆச்சரியம் இல்லை. அரிதான பொருளுக்கு விலை ஏறும், அவ்வளவுதான். வெட்கம் மட்டும் கொஞ்சம் இருக்கிறது.

ஏதாவது ஓர் அமைப்புக்காக நாம் போஸ்டர் செய்து கொடுக்கிறோம் என்று வையுங்கள். அவர்களை உட்கார வைத்துக் கேட்டோமா, அவர்கள் வேண்டாம் என்றால் கிழித்துப் போடத் தயாரா? அந்த 30 பிரதிகளைப் பறித்துக்கொண்டு போன கைகள் கேட்பது இதைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.