கை வைக்காத இறக்கம்

இரண்டாம் உலகப் போரின்போது இங்கிலாந்தின் கிழக்குக் கரையிலுள்ள வுட்பிரிட்ஜ் தளத்தில், ஓடுபாதையின் இருபுறமும் குழாய் போட்டுப் பெட்ரோலை எரித்தார்கள். குண்டுவீசிவிட்டுத் திரும்பும் விமானங்கள் மூடுபனியில் தரை தெரியாமல் நொறுங்கின. நெருப்பின் சூட்டில் பனி சற்று மேலே விலகும், அந்த இடைவெளியில் இறங்கிவிடலாம். அதற்கு மணிக்கு ஆயிரக்கணக்கான காலன் எரிபொருள் செலவானது. பனியை விரட்டுவதை விட்டுவிட்டு, பனிக்குள்ளேயே இறங்கப் பழகினால் என்ன? இந்தக் கேள்வியோடு 1945ல் அதே வட்டாரத்தில், வுட்பிரிட்ஜிலும் மார்ட்டில்ஷம் ஹீத்திலும், ஓர் ஆய்வுக் குழு வேலையைத் தொடங்கியது. குருட்டுத் தரையிறக்கச் சோதனைப் பிரிவு என்பது அதன் பெயர்.

நான் இரவில் கணினி முன் உட்கார்ந்து பழகும் தானியங்கித் தரையிறக்கம் அங்கேதான் பிறந்தது.

அதன் முதல் வடிவம் மண்ணுக்குள் கிடந்த கம்பி. ரேடியோ அலையால் வழிகாட்டும் அன்றைய ஐஎல்எஸ் அமைப்பின் அலைக்கற்றை விமானத்தை ஓடுபாதைவரை கொண்டுவந்து விடும். ஆனால் கடைசி நொடிகளில் நடுக்கோட்டை விட்டு விலகாமல் பிடித்திருக்கும் அளவுக்கு அது துல்லியம் இல்லை. ஆகவே பாதையின் இரு ஓரமும் கம்பி புதைத்து மின்சாரம் செலுத்தினார்கள். இரண்டு கம்பிகளின் காந்தப்புலத்தையும் ஒப்பிட்டு, விமானம் எந்தப் பக்கம் விலகுகிறது என்று கருவி கண்டுகொள்ளும். உயரத்தைச் சொல்ல ரேடியோ அல்டிமீட்டர். 1950 ஜூலை 3 அன்று ஒரு டெவன் விமானம் முழுக்கத் தானாகவே தரை தொட்டது. ஆனால் கம்பி ஊருக்கு ஊர் போகக்கூடியது அல்ல. விமான நிலையத்து வேலிக்கு வெளியே, பிறர் நிலத்திலும் அதைப் புதைக்க வேண்டும். பிற்காலத்தில் ஐஎல்எஸ் துல்லியமானதும் கம்பி தேவையற்றுப் போனது.

இந்தப் பயணத்தில் என்னை மிகவும் ஈர்ப்பது தரை தொடும் கணத்துக்குச் சற்று முந்திய பகுதி. மூன்று டிகிரிச் சரிவில் வரும் விமானம் அதே வேகத்தில் தரையில் மோதினால் உடையும்; மூக்கை மெல்லத் தூக்க வேண்டும். எவ்வளவு, எப்போது? விமானிக்கு அது கண்ணும் முதுகும் சொல்லும் கணக்கு. அந்தக் குழு அதை ஒரே விதியாக்கியது: உயரம் பாதியாகும்போது இறங்கும் வேகமும் பாதியாகட்டும். பல்லாண்டு அனுபவம் ஒரு வரிக்குள் அடங்கியதை நினைத்தால் இன்றும் எனக்கு மெய்சிலிர்க்கிறது.

அந்த விதியைப் பயணிகளிடம் கொண்டுவந்தது டிரைடண்ட் விமானம். பனிக்காலத்தில் ஹீத்ரோ மூடினால் அதை ஓட்டிய பிரிட்டிஷ் யூரோப்பியன் ஏர்வேஸ் (பிஇஏ) நிறுவனத்தின் குறுந்தூரச் சேவைகள் குலையும். அதனால் தானாக இறங்கும் திறனைப் பின்னால் சேர்க்கும் வசதியாக எண்ணாமல், வடிவமைப்பிலேயே இடம் கொடுத்தார்கள். 1965 ஜூன் 10 அன்று பாரிஸிலிருந்து லண்டன் வந்த ஒரு டிரைடண்ட், பயணிகளோடு, மூக்கைத் தானே தூக்கித் தரை தொட்டது. அன்று கருவி பார்த்துக்கொண்டது அந்த மேல்-கீழ் அசைவை மட்டுமே. முழுப் பொறுப்பையும் ஒப்படைக்க இன்னும் சில ஆண்டுகள் பிடித்தன. 1970களில் சக்கரம் தரையிலிருந்து 12 அடி உயரத்தில் இருக்கும்போது இறங்கலாமா கூடாதா என்று முடிவெடுக்கும் அளவுக்கு அனுமதி கிடைத்தது.

நம்பிக்கை வந்தது எண்ணிக்கையால். டிரைடண்டின் ஆட்டோபைலட்டில் ஒரே வேலையைச் செய்யும் மூன்று தனித்தனித் தடங்கள். ஒன்று மற்ற இரண்டோடு முரண்பட்டால் அதை வெட்டிவிட்டு, மிச்ச இரண்டும் விமானத்தை இறக்கும். இலக்கு, கோடி இறக்கங்களில் ஒன்றுக்கு மேல் உயிரிழப்பு விபத்து கூடாது என்பது. சூப்பர் விசி10 விமானத்தில் வேறு வழி: இரண்டு ஆட்டோபைலட்கள், ஒவ்வொன்றுக்கும் அதைக் கண்காணிக்கும் சுற்று.

பிஇஏவின் வழிவந்த பிரிட்டிஷ் ஏர்வேஸின் டிரைடண்ட்கள் 1985 முடிவில் சேவையை நிறுத்தின. பெரும்பாலானவை உடைக்கப்பட்டன, சில அருங்காட்சியகங்களில் நிற்கின்றன, மின்சாரம் ஏறாத கருவிகளோடு. அதற்குப் பிறகு அந்த வித்தை இடம் பெயர்ந்தது, ஆர்வலர்கள் எழுதிய நிரலுக்குள். பழைய மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டரின் ஆட்டோபைலட் ஐஎல்எஸ் காட்டும் சரிவை, கிளைட் ஸ்லோப்பை, பிடித்துக்கொண்டு நேரே தரைக்குள் போகும். மூக்கைத் தூக்கத் தெரியாது. அந்தச் சிமுலேட்டருக்கு டிரைடண்ட், விசி10 மாதிரிகளைச் செய்தவர்கள் அந்த ஒரு வரி விதியைத் தாங்களே மறுபடி எழுதிச் சேர்க்க வேண்டியிருந்தது.

பழகும்போது முதலில் கற்க வேண்டியது கையைக் கட்டிக்கொள்வது. ஹீத்ரோவின் ஐஎல்எஸ் அலைவரிசையை வைக்கிறேன். பார்வைத் தூரம் நூறு மீட்டர். வேகம் 140 நாட் என்றால், அந்த நூறு மீட்டர் ஒன்றரை வினாடிக்குள் கடந்துபோகும்; கண்ணால் ஏதும் செய்ய நேரமில்லை. ஆனால் சும்மா இருப்பதும் இல்லை. நடுக்கோட்டைக் காட்டும் லோக்கலைசர் ஊசி நடுவில் நிற்கிறதா, த்ராட்டில் பின்னுக்கு வருகிறதா, மூன்று தடங்களும் ஒத்துப்போகின்றனவா? பிஇஏ இதற்கு மூன்று விமானிகளை உட்காரவைத்தது. ஒருவர் கருவிகளை விட்டுக் கண்ணெடுக்க மாட்டார், ஒருவர் வெளியே பார்ப்பார், ஒருவர் இருவரையும் கவனிப்பார். மூன்று பேர் வேலையை ஒருவனாகச் செய்யும்போதுதான் அந்த ஏற்பாட்டின் அருமை புரிகிறது. பல இரவுகள் ஒரு சிறு விளக்கை மறந்து மேலேறித் திரும்பியிருக்கிறேன்.

சரியாக நடக்கும் இரவில் 12 அடியிலும் வெள்ளைதான். பிறகு ஒரு விளக்கு, இன்னொன்று. சக்கரங்கள் தொடுகின்றன. வேகம் குறைந்து டிரைடண்ட் நடுக்கோட்டிலேயே நிற்கிறது. அடுத்த சிக்கல் அப்போதுதான் தொடங்குகிறது. அன்றைய விமானிகளுக்கும் அதே சிக்கல்தான்: இறங்கியாயிற்று, பயணிகளை முனையத்துக்குக் கொண்டுபோக வழி தெரியவில்லை. பிரேக்கைப் பிடித்தபடி, இடப்பக்கம் திரும்பும் பச்சை விளக்கு எங்கே என்று திரையில் முகத்தை ஒட்டித் தேடுகிறேன்.