அறக்கொடையும் கணக்கும்: திருகோணமலைத் துறைமுகப் பிரதேசத்தை முன்னிறுத்திய ஒரு வரலாற்று நோக்கு

அறநிறுவனங்களில் நிகழும் ஊழலைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அதனைத் தனிமனித ஒழுக்கக்கேடாகவே காண்பர். பேராசை கொண்ட ஒருவரை நீக்கி நல்லவர் ஒருவரை அமர்த்தினாற் குறை தீரும் என்பது அவர்தம் துணிபு. இது முழு உண்மையன்று. கொடைப் பொருளை நிருவகிப்போர் யாருக்குக் கணக்குக் காட்டுகின்றனர் என்பதே வரலாற்று நோக்கில் எழுப்பவேண்டிய வினா. திருகோணமலைத் துறைமுகத்தைச் சூழ்ந்த பிரதேசம் இவ்வினாவை ஆராய்தற்கு ஏற்ற களமாகும்.

துறைமுகத்துக்கு வடக்கே நிலாவெளியிற் கிடைத்த இடைக்காலத் தமிழ்ச் சாசனமொன்று கோணேசர் ஆலயத்துக்கு 250 வேலி நிலம் வழங்கப்பட்டதைக் குறிப்பிடுகின்றது. தானத்தின் அளவு தெரிகிறது. தானம் பெற்ற தெய்வம் தெரிகிறது. அந்நிலத்தை உழுதவர் யார், விளைச்சலில் அவர்களுக்கு எஞ்சியது எவ்வளவு என்பன எஞ்சியுள்ள வாசகத்தில் இடம்பெறவில்லை. உழைப்பின் உபரியே அறமாக மாறியது என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

அக்காலத்திற் கணக்குக் கேட்கும் மரபு இருக்கவில்லையா எனும் ஐயம் எழலாம். இருந்தது. தமிழகத்து உத்தரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளிற் பொறிக்கப்பட்ட சாசனங்கள், வாரியப் பொறுப்பு வகித்துக் கணக்குக் காட்டாதோரையும் அவர்தம் உறவினரையும் மீண்டும் தெரிவு செய்தல் ஆகாது என விதித்தன. எனினும் அவ்வாரியங்களில் அமர்வதற்குக் கால்வேலிக்கு மேற்பட்ட இறைநிலம் உடைமை ஒரு தகுதியாயிற்று. நிலவுடைமையாளர் நிலவுடைமையாளர்க்கே கணக்குக் காட்டினர்; உழவனுக்குக் கேட்கும் உரிமை இருக்கவில்லை.

இக்கணக்கு முறை நிலமானிய சமுதாயத்துடன் மறைந்துவிட்டதா? 2004 டிசம்பர் 26ஆந் திகதிய கடற்கோள் கிண்ணியா, மூதூர், நிலாவெளி முதலாய ஊர்களைச் சிதைத்தது. திருகோணமலை மாவட்டத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். தொடர்ந்து அரசசார்பற்ற நிறுவனங்கள் பெருமளவில் வந்திறங்கின. கடற்கோள் பாதித்த நாடுகள் அனைத்துக்குமெனத் திரண்ட நிதி ஏறத்தாழ 1,350 கோடி டொலர் என 2006இல் வெளியான கூட்டு மதிப்பீட்டு அறிக்கை கணித்தது. உள்ளூர் ஆற்றல்கள் புறக்கணிக்கப்பட்டதையும் அவ்வறிக்கை கண்டித்தது. வெளிநாட்டு நிபுணருக்கு ஒரு சம்பளத் திட்டம், உள்நாட்டு ஊழியருக்கு வேறொன்று என்பது சர்வதேச நிறுவனங்களின் பொதுவழக்கு. செலவறிக்கைகளோ நன்கொடையாளரின் மொழியில், அவர்தம் தலைநகரங்களுக்குச் சென்றன.

இவ்வேறுபாடு சம்பளத்தோடு நின்றுவிடுவதில்லை. 2006 ஆகஸ்ட் 4ஆந் திகதி, கொட்டியாரக் குடாவின் தென்கரையிலுள்ள மூதூரில், பிரெஞ்சு நிவாரண நிறுவனமொன்றின் ஊழியர் பதினெழுவர் கொல்லப்பட்டனர். அனைவரும் இந்நாட்டவர், பதினாறு பேர் தமிழர், ஒருவர் முஸ்லிம். இன்றுவரை எவரும் தண்டிக்கப்படவில்லை. அறப்பணியின் ஆபத்தைக் களத்தில் நிற்பவனே சுமக்கிறான் என்பதற்கு இதனினும் கொடிய சான்று வேண்டியதில்லை.

உயர்பதவியினரின் மிகையூதியம் எமது நாட்டுக்கு மட்டும் உரிய நோயன்று. ஐக்கிய அமெரிக்காவின் யுனைற்றட் வே அமைப்பின் தலைவர் வில்லியம் அரமனி, சம்பளமும் பிற சலுகைகளுமாக ஆண்டுக்கு நான்கு இலட்சம் டொலருக்கு மேற் பெற்றமை பத்திரிகைகளில் வெளிப்பட்டதும் 1992இற் பதவி துறந்தார். 1995இல் மோசடிக் குற்றத்துக்காகச் சிறைத்தண்டனை பெற்றார். அவரை வீழ்த்தியது கொடுத்தவரின் சினமே. பெறுவோரின் குரல் அங்கும் கேட்கவில்லை.

இலங்கையில் அரசு வேறொரு வழியை மேற்கொண்டது. தொண்டர் நிறுவனங்களைப் பதிவுசெய்து மேற்பார்வையிடும் 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டத்துக்கு 1998இற் செய்யப்பட்ட திருத்தம், மோசடி நிகழ்ந்ததெனக் காணப்படும் நிறுவனங்களுக்கு இடைக்கால முகாமைச் சபையை நியமிக்க வழிசெய்தது. ஊழலை ஒறுக்கும் இவ்வதிகாரமே மாற்றுக்குரல்களை அடக்கும் கருவியாகவும் மாறக்கூடும். மேலும், இங்கும் கணக்குச் செல்வது மேல்நோக்கியே.

மன்னனுக்கும் சபைக்கும் சென்ற கணக்கு இன்று நன்கொடையாளருக்கும் அமைச்சுக்கும் செல்கிறது. மூதூர் மீனவனும் கிண்ணியா விதவையும் பயனாளிகள் என்ற பெயரோடு பட்டியலில் நின்றுவிடுகின்றனர். தலைமை அதிகாரியின் சம்பளமும் களப்பணியாளரின் கூலியும் ஒரே தாளில், மக்கள் மொழியில், அவர்தம் ஊர்க்கூட்டத்தின் முன் வைக்கப்படவேண்டும். அதுவரை அறம் கொடுப்போரின் பெருமையாகவே இருக்கும், பெறுவோரின் உரிமையாகாது.