ஈரலும் இன்சுலினும்: ஓர் அறுவைச் சிகிச்சையின் வரலாறு

உடல் எடையைக் குறைக்க இரைப்பையையும் குடலையும் மாற்றியமைக்கும் அறுவைச் சிகிச்சை இன்று நம் நாட்டு நகரங்களிலும் நடைபெறுகின்றது. அதன் வரலாற்றில் ஒரு விந்தை உண்டு. தொடக்கத்தில் அது ஈரலைக் கெடுத்தது. பின்னர் ஈரலைக் காக்கலாயிற்று. இம்மாற்றம் நேர்ந்த விதத்தை அறிந்தால் நீரிழிவைப் பற்றியும் நாம் ஒரு தெளிவு பெறலாம்.

1921-ஆம் ஆண்டில் கனடாவின் டொரான்டோ நகரில் பான்டிங், பெஸ்ட் ஆகியோர் இன்சுலினைப் பிரித்தெடுத்தனர். அப்பொருள் குறைவதே நீரிழிவுக்குக் காரணம் என்று பலரும் கருதினர். ஆனால் 1936-இல் லண்டன் மருத்துவர் ஹிம்ஸ்வொர்த், சில நோயாளிகளின் உடல் இன்சுலினுக்கு இணங்குவதில்லை எனக் காட்டினார். இதனையே இன்சுலின் எதிர்ப்பு என்கிறோம். ஈரலில் கொழுப்பு மிகும்போது, சர்க்கரை வெளியிடுவதைக் குறைக்குமாறு இன்சுலின் இடும் கட்டளைக்கு ஈரல் செவிசாய்ப்பதில்லை.

1954-இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் கிரெமன், லின்னர் முதலியோர், சிறுகுடலின் பெரும்பகுதியை உணவு செல்லும் வழியினின்று விலக்கும் முறையை வெளியிட்டனர். எடை விரைந்து குறைந்தது. ஆயினும் புரதக் குறைவாலும், விலக்கப்பட்ட குடலில் பெருகிய கிருமிகளாலும் சிலருடைய ஈரல் பழுதுற்றது; உயிரிழந்தோரும் உண்டு. 1980-ஐ ஒட்டி அம்முறை பெரும்பாலும் கைவிடப்பட்டது. அதே 1980-இல், மது அருந்தாதோரிடமும் கொழுப்பு மிகுந்து ஈரல் அழற்சி தோன்றுவதை மேயோ மருத்துவ நிலையத்தைச் சேர்ந்த லுட்விக் விளக்கி, அதற்குப் பெயரும் சூட்டினார்.

இதற்கிடையே 1966-இல் ஐயோவா பல்கலைக் கழகத்தில் மேசன், இட்டோ ஆகிய இருவர் வேறு வழி கண்டனர். இரைப்பையைச் சிறு பையாக்கிச் சிறுகுடலுடன் நேரே இணைத்தனர். இம்முறையைப் பின்பற்றிய போரீஸ் என்னும் அமெரிக்க அறுவை மருத்துவர் 1995-இல் ஒரு வியப்பான செய்தியை அறிவித்தார். அவரிடம் சிகிச்சை பெற்ற நீரிழிவாளர் 146 பேரில் 121 பேருக்கு இரத்தச் சர்க்கரை சீராகி நிலைத்தது. அதுவும் எடை பெரிதும் குறையுமுன்னரே, சில நாட்களில் சீரடையத் தொடங்கியது.

காரணம் யாது? உணவு சுருங்கியவுடன் ஈரல் தன் கொழுப்பை முதலில் செலவழிக்கின்றது. இன்சுலினின் கட்டளைக்கு மீண்டும் பணிகின்றது. குடலின் கீழ்ப்பகுதியில் சுரக்கும் சில பொருள்களும் கணையத்துக்குத் துணை செய்கின்றன. தசைகள் இணங்குவதற்கு மட்டும் எடை குறையும் வரை காலம் வேண்டும். 2011-இல் இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் டெய்லர் குழுவினர், மருத்துவக் கண்காணிப்பில் 8 வாரம் கடுமையாக உணவைக் குறைத்தே இதனை மெய்ப்பித்தனர். அங்கு கத்திக்கு வேலையே இல்லை.

அறுவையால் ஈரல் அடையும் பயனும் சிறிதன்று. பிரான்ஸ் நாட்டு லீல் நகரில் 5 ஆண்டு கழித்து ஈரல் திசுவைச் சோதித்தபோது, 84 விழுக்காட்டினரிடம் கொழுப்பழற்சி நீங்கியிருந்தது. ஆயினும் ஈரல் முற்றும் சுருங்கியவர்க்கு இச்சிகிச்சை ஆபத்தானது. மற்றவரும் வைட்டமின், இரும்புச்சத்துக் குறைவுக்கு வாழ்நாள் முழுதும் காவல் இருத்தல் வேண்டும். நீரிழிவு சிலரிடம் மீண்டும் தலைகாட்டுவதும் உண்டு.

இனி நம் நாட்டுக்கு வருவோம். மைசூர் ஹோல்ட்ஸ்வொர்த் நினைவு மருத்துவமனை 1934 முதல் பிறப்புக் குறிப்புகளைப் பேணி வந்தது. அங்குப் பிறந்தோரைப் பின்னாளில் தேடிக் கண்டு ஆராய்ந்தனர். நீளம் குறைந்து, அதற்கு மிஞ்சிய பருமனுடன் பிறந்தோரிடம் நீரிழிவு மிகுதி என 1998-இல் வெளியிட்டனர். 2004-இல் புனே மருத்துவர் யாஜ்னிக் தம்மை லண்டன் மருத்துவர் யுட்கினுடன் ஒப்பிட்டார். எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்த எண் இருவருக்கும் 22.3 தான். உடற்கொழுப்போ யுட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்குக்கு 21.2 விழுக்காடு! இத்தகைய வேறுபாடு கருதியே, பிறருக்கு 35 என வகுத்த அறுவை எல்லையை, ஆசிய மக்களுக்கு 27.5 எனப் பன்னாட்டு அறுவை மருத்துவர் சங்கங்கள் 2022-இல் தாழ்த்தின.

ஆகவே ஹனூர் போன்ற மலையடிவார ஊரில் வாழ்வோரும், தம் உடல் மெலிந்திருப்பதாக எண்ணி வாளா இருத்தல் தகாது. அறுவைச் சிகிச்சை சிலருக்கே உரியது. இடுப்பளவை நோக்குதலும், இரத்தச் சர்க்கரையைச் சோதித்தலும், உண்ணும் அளவை அறிதலும் எல்லோர்க்கும் இயல்வன. கொழுப்பேறிய ஈரல் உரிய காலத்தில் கவனித்தால் மீளும். இவ்வரலாறு நமக்குத் தரும் நம்பிக்கை அதுவே.