பூதத்தின் செம்பு

சாக்ஸனி நாட்டு மலைகளில் வெள்ளியும் செம்பும் நாடிச் சுரங்கம் தோண்டியவர்களுக்கு, செம்பைப் போலவே சிவந்து மின்னிய தாது ஒன்று அடிக்கடி அகப்பட்டு வந்தது; ஆயின் எத்தனை முறை உலையிலிட்டு உருக்கியும் அதிலிருந்து குன்றிமணியளவு செம்பும் பிரியாமல், புகை மட்டும் எழுந்து, அதைச் சுவாசித்தவர்களின் தேகத்தை வாட்டியது. சுரங்கத்துக்குள் ஒளிந்திருந்து மனிதரை ஏய்க்கும் குட்டிப் பூதத்தின் வேலை இது என்று நம்பிய அம்மக்கள், அத்தாதுவுக்குக் 'குப்பர்நிக்கல்', அதாவது பூதத்தின் செம்பு, என்று பெயரிட்டார்கள். அதில் செம்பே இல்லை, நிக்கலும் பாஷாணமும் (ஆர்செனிக்) கூடிய பொருள் அது, புகையாய் எழுந்தது அந்தப் பாஷாணமே என்பது பிற்காலத்தார் கண்ட உண்மை. சுரங்கத்தார் சொன்ன காரணம் பிழையே. அவர்கள் பட்ட நோய் பிழையன்று.

1751-ஆம் ஆண்டில் ஸ்வீடன் தேசத்து ரசாயன அறிஞர் ஆக்ஸெல் கிரான்ஸ்டெட், லோஸ் என்னும் ஊரின் கோபால்ட் சுரங்கத்துத் தாதுவிலிருந்து வெண்மையான புதிய உலோகத்தைப் பிரித்தெடுத்து, சில ஆண்டுகளுக்குப் பின் அதற்கு நாமகரணம் செய்தபோது, பூதத்தின் பெயரையே சுருக்கி நிக்கல் என்று வைத்தார். பெயர் தெரியாமலே இதைக் கையாண்டவர் முன்னரே பலர்: கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் பாக்திரிய யவன அரசர்கள் சிலர் வெளியிட்ட நாணயங்களில் செம்பும் நிக்கலும் கலந்திருந்தன. சீனரும் வெண்செம்பு என்று பெயரிட்டு இக்கலவையை நெடுங்காலம் வார்த்து வந்தனர்.

நம் நாட்டில் 1907 முதல் புழக்கத்துக்கு வந்த ஓரணாக் காசு இக்கலவையால் ஆனதே. ஏழாம் எட்வர்டின் முடிசூடிய தலை பொறித்து, விளிம்பில் பன்னிரண்டு நெளிவுகள் கொண்ட அக்காசை உள்ளங்கையில் வைத்துப் பார்க்கும்போது எனக்கு உண்டாகும் வியப்பு இன்றும் தீரவில்லை. முக்கால் பங்கு செம்பு, கால் பங்கே நிக்கல். என்றாலும் எவ்வளவு தேய்த்தாலும் செம்பின் சிவப்பு எள்ளளவும் தலைகாட்டுவதில்லை. செம்பைப் போலிருந்து செம்பு தராதது அந்தத் தாது. செம்பாயிருந்தும் செம்பைக் காட்டாதது இந்தக் காசு. இன்று நாம் எவர்சில்வர் என்று வழங்கும் எஃகின் பல வகைகளிலும் நிக்கலைச் சேர்க்கிறார்கள். தோடு, கைக்கடிகாரப் பட்டை முதலியவற்றிலுள்ள நிக்கல் பட்டுச் சருமம் சிவந்து அரிப்பெடுப்பவர்களும் உண்டு. ஆயினும் இவ்வுலோகம் உயிரைப் பறித்தது அணிந்தவர்களிடத்தில் அன்று, சுத்திகரித்தவர்களிடத்தில்.

ஜெர்மனியில் பிறந்து இங்கிலாந்தில் குடியேறிய லுட்விக் மாண்ட், தம் தொழிற்சாலையின் நிக்கல் அடைப்பான்கள் அரித்துப்போவதன் காரணத்தை ஆராயப் புகுந்து, இளஞ்சூட்டில் நிக்கல் கார்பன் மோனாக்ஸைடுடன் கூடி வாயுவாகிறது என்பதையும், அவ்வாயுவை மேலும் சூடாக்கினால் தூய நிக்கல் மீண்டும் படிகிறது என்பதையும் சகாக்களுடன் 1890-இல் வெளியிட்டார். திடமான உலோகத்தை வாயுவாக்கி மறுபடி உலோகமாக்கும் இந்த அற்புதமான முறையைக் கொண்டு, வேல்ஸ் நாட்டின் கிளிடாக் ஊரில் 1902-இல் ஆலை எழுந்தது. கானடாவின் சட்பரியில் வெட்டியெடுத்து அரைகுறையாய் உருக்கிய தாது அட்லாண்டிக் கடல் கடந்து அங்கே வந்து சேர்ந்தது. நிக்கல் கூடிய அந்த வாயுவோ கொடிய விஷம். ஆலை தொடங்கிய சில காலத்துக்குள்ளேயே அது கசிந்து உயிர்ப்பலி கொண்டது.

அதனினும் கொடியது மெல்ல வந்தது. தாதுவை வறுத்துப் பொடியாக்கிய கொட்டகைகளில் தூசியிடையே நின்றவர்களுக்கு, மூக்கை ஒட்டிய எலும்புக் குழிகளில் அபூர்வமான புற்றுநோய் கண்டது. தொழிற்சாலை ஆய்வாளரின் 1932-ஆம் ஆண்டு அறிக்கை இத்தகையோர் பத்துப் பேரைக் கணக்கிட்டது. 1958-இல் பிரிட்டிஷ் மருத்துவ ஆய்வாளர் ரிச்சர்ட் டால் மரணப் பதிவுகளை ஒப்பிட்டபோது, இவ்வாலைத் தொழிலாளர் மற்றவர்களைவிட நுரையீரல் புற்றுநோயால் ஏறத்தாழ 5 மடங்கும், மூக்குப் புற்றுநோயால் ஏறத்தாழ 150 மடங்கும் மிகுதியாக மாண்டிருந்தது தெரியவந்தது.

காரணம் தேடியவர்கள் இங்கும் வழி தவறினார்கள். செம்பை நீக்கப் பயன்பட்ட அமிலத்தில் கலந்திருந்த பாஷாணத்தைச் சிலர் குற்றம் சாட்டினர். வேறு சிலர் விஷவாயுவைச் சந்தேகித்தனர். 1949-இல் இந்நோய்க்கு நஷ்டஈடு வகுத்த பிரிட்டிஷ் சட்டமும், நிக்கல் வாயுவைச் சிதைத்து உலோகம் எடுக்கும் ஆலை என்றே தொழிலை வரையறுத்தது. ஆனால் யார் எந்தக் கொட்டகையில் எத்தனை ஆண்டுகள் உழைத்தார் என்று பின்னர் ஆராய்ந்தபோது, விரல் சுட்டியது முக்கியமாக வறுவல் உலைகளின் தூசியையே. உலைகளைத் திருத்தி, பஞ்சு வைத்த முகமூடிகளைக் கொடுத்த 1920-களுக்குப் பின் சேர்ந்தவர்களிடம் மூக்குப் புற்றுநோய் வெகுவாக அருகிவிட்டது; அதற்கு முன் அங்கே நின்றவர்களிலோ, வேலையை விட்டு முப்பது நாற்பது ஆண்டுகள் கழிந்த பின்னும் அந்நோயாலேயே மாண்டவர்கள் இருந்தார்கள்.